வாசலில் யார் நிற்பது? கரையோர வேடர் ஊர்களுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

எல்லாம் மூத்திரம் சிவப்பாகப் போனதில்தான் தொடங்கியது.

திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் எனக்குத் தெரிந்த ஒரு பெத்தாவுக்கு (பாட்டிக்கு) காசநோய். ஒரு கிளினிக்கில் சளியைச் சோதித்து, குளிசை கொடுத்து, ஆறு மாதம் ஒருநாளும் விடாமல் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் குளிசையில் ரிஃபாம்பிசின் என்றொரு மருந்து இருக்கிறது. அது மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து உடம்பில் சேர்கிறது என்பதற்கு அடையாளம். இதைப் பெத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சனநெருக்கத்தில் அவர் காதில் ஏறியிருக்காது. இரத்தம் போகிறது என்று பயந்து கட்டாடியாரிடம் போனார். அவர் கட்டுப் பார்த்து, உடம்பு கொதித்துவிட்டது, குளிசையை நிறுத்து, தெய்வத்துக்கு ஒரு மடை (படையல்) வை என்றார். சில கிழமை போனது, இருமல் திரும்பி வந்தது. பெத்தா மறுபடி கிளினிக்குக்குப் போனபோது வாசலில் இருந்தவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "குளிசையை விட்டுட்டுப் பேயாடவோ போனீங்க?" பெத்தா கிளினிக் துண்டுச்சீட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். அவரை மறுபடி அந்த வாசலுக்குக் கூட்டிப்போக எங்களுக்கு ஐந்து கிழமை பிடித்தது.

(யாழ்ப்பாணத்து வாசகர்கள் குழம்பக்கூடாது. அங்கே கட்டாடி என்றால் வேறு தொழில். இங்கே சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவர், கட்டு என்ற குறி சொல்பவர்.)

இந்தக் கதையில் வந்த எல்லாருமே தமிழ் பேசுகிறவர்கள். பழங்குடி மக்களுக்கான மருத்துவம் பற்றி உலகத்தில் எழுதப்படுவதில் பாதி மொழிபெயர்ப்பைப் பற்றியது. பெருவில் கெச்சுவா பேசும் பெண்ணும் ஸ்பானிஷ் பேசும் டொக்டரும், சிலியில் மாப்புச்சே முதியவரும் நகரத்துத் தாதியும் என்று அந்தக் கதைகள் போகும். இலங்கையின் கிழக்குக் கரையில் வாழும் பழங்குடிகளான எங்கள் கரையோர வேடர் பல தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள்தான், பிறப்புச் சான்றிதழிலும் பெரும்பாலும் தமிழர் என்றுதான் எழுதப்படுகிறது. அதனால் அவர்களுக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை என்று சுகாதாரத் துறை நினைப்பது விளங்கக்கூடியதுதான். ஆனால் ஒரே மொழி பேசுகிற இடத்திலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லையே. தெற்கிலிருந்து வந்த சிங்கள டொக்டர் என்றால் அந்தத் தூரம் இரண்டு மடங்கு.

இந்தப் பக்கத்துச் சந்தோசபுரம், நல்லூர், இளக்கந்தை, அப்புறம் வெருகல் பக்கத்து ஊர்கள் என்று எங்கே கூட்டம் கூடினாலும் இந்தப் பேச்சு எழுகிறது. வைத்தியசாலையில் எங்களுக்கும் ஒரு சொல் வேண்டும், ஆனால் அதை எப்படிக் கேட்பது? வெளியில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்து எழுதித் தரும்படி சொன்னார்கள். நான் வேடர் குடும்பத்தில் பிறந்தவனல்ல, அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அந்த அளவுக்குத்தான் என் வார்த்தைக்கு எடை.

முதலில் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் இலக்க சமவாயம் 1989இல் வந்தது. பழங்குடி மக்களுக்கான சுகாதார சேவையை அவர்களோடு சேர்ந்துதான் திட்டமிட வேண்டும், அவர்களுடைய நோய் தடுக்கும் முறைகளையும் வைத்தியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதன் 25ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. 2007இல் ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் 24ஆம் உறுப்புரை தங்கள் பாரம்பரிய மருந்தைப் பேணும் உரிமையையும், பாகுபாடு இல்லாமல் எல்லாச் சுகாதார சேவையையும் பெறும் உரிமையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கூட்டத்தில் நான் அழுத்திச் சொன்னது இந்த இரண்டாவது பாதியைத்தான். ஆஸ்பத்திரியா தெய்வமா என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

குழுவில் ஒரு நாற்காலி

இருப்பதிலேயே இலகுவான வழி இது. அரச வைத்தியசாலைகளில் அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள், வர்த்தகர்கள், கோயில், பள்ளிவாசல் ஆட்கள் அதில் இருப்பார்கள். அதில் வேடர் ஊர்களுக்கு ஓர் இடம் கேட்கலாம். காசு தேவையில்லை, சட்டம் மாற்றத் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. இந்தக் குழுக்கள் பேசுவது நீர்த்தாங்கி, மதில், கட்டில், மின்விசிறி. நல்ல விஷயங்கள்தான். ஆனால் பெத்தாவின் துண்டு அங்கே பேசப்படாது. காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வர, ஆற்றில் மீன்பிடிப்பவருக்கு ஒரு நாள் உழைப்புப் போகும். மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், பெயர் மட்டும் பதிவில் இருக்கும். நாற்காலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

ஒரே கூரைக்குள் இரண்டு வைத்தியம்

கூட்டங்களில் அதிகம் கைதட்டு வாங்கும் யோசனை இதுதான். எக்குவடோரில் ஒட்டவாலோ நகரத்தில் 1984 முதல் ஹம்பி ஹுவாசி என்றொரு இடம் இருக்கிறது. கிச்சுவா மொழியில் மருந்து வீடு என்று பொருள். கிச்சுவா மக்களின் அமைப்பே தொடங்கியது. அங்கே டொக்டரும் இருக்கிறார், யாச்சாக் எனும் பாரம்பரிய வைத்தியரும் இருக்கிறார், மருத்துவிச்சியும் இருக்கிறார். நோயாளி எந்தக் கதவைத் தட்டுவது என்று தானே முடிவெடுக்கிறார்.

கேட்க அழகாக இருக்கிறது. எங்களுக்கு இன்னும் இலகு என்றுகூட ஒருவர் நினைக்கலாம். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் சேர்த்து ஏற்கிறது. பாம்புக்கடி, முறிவு போன்ற தனித்துறைகளில் பரம்பரை வைத்தியர் பதிவு பெறவும் வழி வைத்திருக்கிறது. திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். சுதேச வைத்தியம் மாகாணத்தின் கையில் இருக்கும் விடயமும்கூட. அப்படியென்றால் ஓர் அறையைத் திறந்து எங்கள் பரியாரியை உட்கார வைத்தால் என்ன?

இங்கேதான் நான் மற்றவர்களோடு முரண்படுகிறேன். இரண்டு காரணம்.

ஒன்று, சித்த வைத்தியம் வேடரின் வைத்தியம் அல்ல. வேர், பட்டை, எண்ணெய் என்று சில பொதுவாக இருக்கலாம். ஆனால் சித்தம் ஏடு, பட்டம், வெள்ளை உடுப்போடு வருகிறது. சித்த டொக்டர் ஒருவரை நியமித்துவிட்டு "உங்கள் மருத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டோம்" என்று சொன்னால் அது சந்தோசபுரத்துக்கு யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை கட்டிவைத்த மாதிரி. மாப்பிள்ளை நல்லவராக இருக்கலாம், ஊர் கேட்ட மாப்பிள்ளை அவரில்லை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. சட்டம் இலையையும் எண்ணெயையும் பதிவு செய்யும், தெய்வத்தைப் பதிவு செய்யாது. கட்டாடியாரின் வேலையில் மருந்து சிறு பகுதிதான். மீதி பந்தல், மடை, பறை, வேப்பிலை, முன்னோரை அழைப்பது, குடும்பத்துக்குள் பேசாமல் கிடந்த கோபத்தை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வைப்பது. அதை டைல்ஸ் போட்ட அறையில் காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை செய்ய முடியாது. மாப்புச்சே மக்களின் மச்சி எனும் வைத்தியப் பெண்மணிக்கும் இதே நிலைதான். படி வெட்டிய ஒரு மரத்தூணை அவர் தன் வீட்டு முன்றிலில் நட்டிருப்பார், ரெவே என்பார்கள். அவர் சக்தி அதோடு பிணைந்தது. தூணை விட்டுவிட்டு ஆளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் வருவது பாதி மச்சி.

அறைக்குள் வந்தபின் என்ன நடக்கும் என்பதும் கேள்வி. நேரப் பதிவு, அறிக்கை, "இது செய்யலாம், இது செய்யக்கூடாது" என்ற பட்டியல். கொஞ்சக் காலத்தில் கட்டாடியார் வைத்தியசாலையின் கடைசித் தர ஊழியராகிவிடுவார். ஊரில் அவருக்கு இருந்த மதிப்பும் போகும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த யோசனைக்கு நான் தலைவணங்குகிறேன். பாம்புக்கடி. தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குப் போகிற சனம், இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற சனம். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது, கடித்த அடையாளமும் தெரியாது. விடியப்புறம் வயிறு நோகும், கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும். பார்க்கிறவர்களுக்கு அது பார்வைபட்டது மாதிரி இருக்கும். முதலில் ஓடுவது கட்டாடியாரிடம். புடையன் (கண்ணாடி விரியன்) என்றால் கடிவாய் வீங்கும், இரத்தம் உறையாமல் போகும். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு ஊசி. இதில் ஒரு மணி நேரத் தாமதமும் உயிரைக் கேட்கும். ஆகவே விஷகடி பார்ப்பவர்களும் ஆஸ்பத்திரியும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே கூரை வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி இலக்கமும், திட்டாமல் எடுத்துப் பேசும் ஒருவரும் போதும்.

எங்களுக்கே ஓர் ஆஸ்பத்திரி

இளைஞர்கள் விரும்புவது இது. விருப்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். சிலியில் தெமுக்கோ நகரத்துக்குப் பக்கத்தில் மக்கேவே என்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆங்கிலிக்கன் மிஷன் கட்டியது. 1999 முதல் அதை நடத்துவது மாப்புச்சே மக்களின் சங்கம். டொக்டரை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் அவர்கள். காசு அரசாங்கத்துடையது, ஒப்பந்தப்படி வரும்.

நமக்கு மொழியாலும் தூரத்தாலும் நெருக்கமானது நீலகிரியில் கூடலூர். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற மக்களுக்கென்று அங்கே 1990இல் ஓர் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கியது. அந்த மக்களின் பெண்பிள்ளைகளையே தாதியராகப் பழக்கினார்கள். நிர்வாகத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். (கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களில் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போனவர்களும் நிறையப் பேர். அங்கே போய் இறங்கினால் நம் பேச்சு காதில் விழும்.) தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கிலும் இரண்டு டொக்டர்கள் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கி, மலையாளி எனப்படும் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் என்னைக் கவர்கின்றன. ஆனால் சிட்டிலிங்கியில் அது எழுந்தது ஏன்? அன்று அங்கே எட்டுகிற தூரத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லை. நம் நிலை வேறு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடு முழுக்கப் பரந்து, ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் (ஊர் மருத்துவிச்சி) என்ற கணக்கில் நிற்கிறது. ஆஸ்பத்திரி இலவசம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. ஈச்சிலம்பற்றிலும் மூதூரிலும் வைத்தியசாலை இருக்கிறது. முன்பு திருகோணமலைக்குப் போக ஆற்றுக்கு ஆறு பாதை (மிதவைப் படகு) ஏறி இறங்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின், மற்றப் பாலங்களும் வந்த பின், அம்புலன்ஸ் நேரே ஓடுகிறது.

இந்த நிலையில் நாங்கள் தனியாக ஒன்று கட்டினால், அரசாங்கம் "சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையைக் கழுவும். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் எத்தனை கட்டடங்கள் திறந்து வைக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். 2006இல் நாங்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பல கட்டடங்களுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. கட்டியவர்களும் இல்லை. திட்டம் முடிந்த பின் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்தக் கட்டடமும் எனக்குப் பயம் தருகிறது.

இடையில் ஓர் ஆள்

நான்காவது வழிக்குக் கட்டடம் தேவையில்லை. ஊரைச் சேர்ந்த ஒருவர், பெண்ணாக இருந்தால் நல்லது, வைத்தியசாலை வாசலில் நிற்பார். வருபவரைத் தெரியும், நம்பர் எடுத்துக் கொடுப்பார், டொக்டர் முன்னால் கூட நிற்பார், சொன்னதை வெளியே வந்து மறுபடி நிதானமாகச் சொல்வார். மாதத் திகதிக்கு வராதவரை வீட்டில் போய்ப் பார்ப்பார். சிலியின் அரௌக்கானியா பகுதி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று ஒரு மேசை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் அமுல்துங்குன். சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற பொருளில் வரும் மாப்புச்சே வார்த்தை. 2012இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தில், பழங்குடி மக்கள் செறிந்து வாழும் இடங்களின் அரச நிலையங்களில் இந்த வகை வசதிகளைச் சிலி கட்டாயமாக்கியும் விட்டது.

இதனால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பெருவின் அயக்குச்சோ பகுதிக் கதை. சாந்தியானா என்ற இடத்தில் 1999இல் நூற்றுக்கு ஆறு பெண்கள்தான் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளைபெற வந்தார்கள். அங்குள்ள பெண்களிடமே கேட்டு முறையை மாற்றினார்கள். குந்தியிருந்து பெறலாம், பிடித்துக்கொள்ளக் கயிறு, பக்கத்தில் கணவனோ தாயோ, சூடான கசாயம், கெச்சுவா பேசும் ஆட்கள். 2007இல் அது 83 ஆனது. மருந்து மாறவில்லை, கருவி மாறவில்லை. மாறியது கேட்கிற முறை.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, நம் பெண்கள் ஏற்கெனவே போகிறார்கள். ஆனால் போய் எப்படித் திரும்புகிறார்கள்? பத்தியக் கறி கொண்டுவந்த மாமியை வாசலில் நிறுத்தினால், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுப்பதைக் கேலி செய்தால், பிள்ளையின் கையில் கட்டிய நூலைக் கேட்காமல் வெட்டினால், அந்தப் பெண் அடுத்த கிளினிக்குக்குப் பிந்தி வருவாள். நூலைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு ஊசி குத்தலாம். சரக்கில் என்ன சேர்கிறது என்று கேட்டு, ஆகாதது இருந்தால் அதை மட்டும் விடச் சொல்லலாம். இதெல்லாம் இடையில் ஒருவர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். சம்பளம் யாருடையதோ பேச்சு அவருடையது. வைத்தியசாலை சம்பளம் கொடுத்தால் மூன்று மாதத்தில் அவர் கோப்புத் தூக்குவார், தேநீர் வாங்கப் போவார், கடைசியில் வாசலில் கத்துகிற இன்னொரு ஆளாவார். ஊர்ச் சங்கம் கொடுத்தால் வைத்தியசாலை அவரை உள்ளே விடாது. நோயாளியின் இரகசியம் இன்னொரு சிக்கல். எல்லாரும் சொந்தக்காரர் என்ற ஊரில், யாருக்குக் காசநோய், யார் மனநோய்க்கு மருந்து குடிக்கிறார் என்பது நாலு வீட்டில் பேசப்பட்டால் எல்லாம் போச்சு. ஆகவே சொந்த ஊருக்கு அடுத்த ஊர்ப் பெண்ணை வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். இதில் பெண்கள் கூட்டத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. "தெரிஞ்ச முகம் இல்லாட்டி பிறகு என்னத்துக்குகா?" என்று ஒரு மாமி கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு.

இந்த நான்கில் இடையாளைத்தான் நான் முதலில் கேட்பேன். அதிலும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். காசு பிரதேச அல்லது மாகாண ஒதுக்கீட்டிலிருந்து வரட்டும், ஆளைத் தெரிவதும் மாற்றுவதும் சங்கத்தின் கையில் இருக்கட்டும். அபிவிருத்திக் குழு நாற்காலி அவருக்கே போகட்டும், அப்போது நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்ல ஒவ்வொரு மாதமும் ஏதாவது இருக்கும். மூன்றாவது, கட்டாடியார் தன் மரத்தடியிலேயே இருப்பார், அவரிடமிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் துண்டு போய்வரும். அவர் அனுப்பிய நோயாளியை வாசலில் யாரும் கேலி செய்யக் கூடாது. அவருடைய மருந்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போக வருபவர்கள் சங்கத்திடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இதுவரை எத்தனையோ பேர் ஒலிப்பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள், திரும்பி வந்து என்ன எழுதினோம் என்று வாசித்துக் காட்டியவர் குறைவு.

சொந்த ஆஸ்பத்திரியை நான் மூடி வைக்கவில்லை. கூடலூரில் செய்த ஒரு காரியத்தை இப்போதே தொடங்கலாம், பிள்ளைகளைத் தாதியர் படிப்புக்கு அனுப்புவது. அதற்கு முதலில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க ஒரு பாடசாலை எட்டுகிற தூரத்தில் வேண்டும். அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய பெரிய சண்டை.

இதையெல்லாம் போன கிழமை கட்டாடியாரின் வளவில் இருந்து வாசித்துக் காட்டினேன். பெத்தாவும் இருந்தார், குளிசை முடித்து இப்போது தேறிவிட்டார். கட்டாடியார் கடைசிவரை ஒன்றும் பேசாமல் வெற்றிலை மென்றார். நான் எழும்பும்போது கூப்பிட்டார்.

"மனே, எந்தக் குளிசைக்கு மூத்திரம் சிவக்கும், எதுக்குத் தலை சுத்தும் எண்டு ஒரு தாளில எழுதித் தா. எனக்கு வாசிக்கத் தெரியாது, பேத்தி வாசிப்பாள்."